மெரினோவுக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும்

வெளிநாட்டிலிருந்து மகன் வாங்கிவந்த மெரினோ ஸ்வெட்டர், பத்ரிநாத் யாத்திரைக்காக எடுத்த கம்பளிப் புல்ஓவர், ஊட்டியில் படித்த காலத்துக் கார்டிகன் என்று தமிழ்நாட்டு பீரோக்களில் நல்ல கம்பளி உடைகள் பல உறங்குகின்றன. ஆண்டுக்குச் சில நாட்களே உடம்பில் ஏறும் இவை தேய்ந்து கிழிவது அபூர்வம். வாஷிங் மெஷினுக்கும் பீரோவின் அடித்தட்டுக்கும்தான் பெரும்பாலானவை பலியாகின்றன.

கையில் இருப்பது அசல் கம்பளிதானா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். உட்புறத் தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலில் ஒரு துணுக்கைக் கத்தரித்து, இடுக்கியால் பிடித்துக் கொளுத்தினால் தெரிந்துவிடும். கம்பளியானால் முடி பொசுங்கும் நாற்றம் வரும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சுருண்டு, கெட்டியான மணியாக இறுகும். மலைவாசத்தலக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பல ஸ்வெட்டர்கள் அக்ரிலிக்தான். அவற்றுக்கு இவ்வளவு பக்குவம் வேண்டாம்.

மனிதரின் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன் என்றால், உயர்ந்த மெரினோ இழை 20 மைக்ரானுக்கும் கீழே. லடாக்கின் சாங்தாங் பீடபூமி ஆடுகள் தரும் பஷ்மீனா 12 முதல் 15 மைக்ரான்தான். நம் கொடைக்கானல் மலையிலும், மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையத்தில் பாரத் மெரினோ ஆடுகள் வளர்கின்றன. எந்த ஊர் ஆடாக இருந்தாலும் அதன் இழையை நுண்ணோக்கியில் பார்த்தால், கூரை ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்கள் தெரியும். எல்லாம் நுனியை நோக்கியே சரிந்திருக்கும். வெந்நீரும் சோப்பும் பட்டு, கசக்கலும் சேரும்போது இழைகள் ஒரே திசையில் நகர்கின்றன; செதில்கள் கொக்கிபோட்டுக்கொள்வதால் திரும்பி வர வழியில்லை. பெரியவர் அணிந்த ஸ்வெட்டர் பேரனுக்குப் போடும் அளவுக்குச் சுருங்கித் தடித்துப்போவது இப்படித்தான். இறுகிப்போனதைப் பழையபடி பிரிக்க எந்தக் கைவைத்தியமும் இல்லை.

ஆகவே கையால் துவைப்பதே உத்தமம். 30 டிகிரிக்கு மேல் சூடு கூடாது. சென்னையில் மே மாத மதியம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே அதைத் தாண்டிவிடும். அதிகாலையில் பிடித்து வைத்த தண்ணீர் நல்லது. சாதாரண சலவைத்தூளில் காரம் அதிகம். பலவற்றில் புரதக் கறையைக் கரைக்கும் நொதிகளும் உண்டு. கம்பளியே புரதம் என்பதால் அவை இழையையும் அரிக்கும். பிளீச்சிங் திரவத்தில் நெடுநேரம் ஊறினால் கம்பளி கரைந்தே போகும். ஈஸி போன்ற, கம்பளிக்கென்றே விற்கும் திரவத்தில் ஒரு மூடி போதும். அது இல்லாவிட்டால் மென்மையான ஷாம்பூ. சோப்புக் கட்டி வேண்டாம்; போர்வெல் தண்ணீரின் உப்போடு சேர்ந்து பிசுக்காகப் படியும்.

உடையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, வாளியில் அமுக்கி, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். தேய்க்கவோ, கல்லில் அடிக்கவோ கூடாது. உள்ளங்கையால் மெல்ல அமுக்கி அமுக்கி விட்டாலே அழுக்கு இறங்கும். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். பிறகு முறுக்கிப் பிழியாமல், இரு கைகளாலும் அடியில் தாங்கித் தூக்க வேண்டும். நனைந்த கம்பளியின் பாரத்தை அதன் பின்னல் தாங்காது. தோளைப் பிடித்துத் தூக்கினால் கை முழங்கால் வரை நீளும். தடித்த துண்டின்மேல் பரப்பி, பாயைப்போல் சுருட்டி அழுத்தினால் பாதித் தண்ணீரைத் துண்டே குடித்துவிடும்.

காயவைக்கக் கொடி ஆகாது. நிழலில் உள்ள நார்க்கட்டிலின் மேல் உலர்ந்த துண்டை விரித்து, ஸ்வெட்டரை அதன் பழைய அளவுக்கு இழுத்துச் சரிசெய்து கிடத்தினால் இருபுறமும் காற்றுப் படும். வெயில் வெள்ளைக் கம்பளியை மஞ்சளாக்கும். எல்லா நிறத்தையும் நலிய வைக்கும். ஐப்பசி அடைமழையில் மின்விசிறிக் காற்றே துணை.

ஒவ்வொரு முறை அணிந்ததும் துவைக்க வேண்டியதில்லை. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் கம்பளி உள்வாங்கிக் காற்றில் விட்டுவிடும். ஓர் இரவு காற்றாடப் போட்டாலே வாடை போய்விடும். ஆனால் மாதக்கணக்கில் உள்ளே வைக்கப்போகிறோம் என்றால் கட்டாயம் துவைத்தாக வேண்டும். காரணம் அந்துப்பூச்சி.

விளக்கைச் சுற்றிப் பறக்கும் பூச்சி இதுவல்ல. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான, வைக்கோல் நிறப் பூச்சி இது. வெளிச்சத்தைக் கண்டால் மடிப்புக்குள் ஓடி ஒளியும். வளர்ந்த பூச்சி எதையும் தின்பதில்லை. அதன் முட்டையிலிருந்து வரும் வெண்மையான புழுதான் வலை பின்னியபடி கம்பளியைக் கடித்துக் குதறுகிறது. வியர்வையும் சாம்பார்க் கறையும் உள்ள இடங்களை அது தேடிப் போகும். கழுத்துப்பட்டியிலும் அக்குளிலும் ஓட்டை விழுவதன் ரகசியம் இதுதான்.

இதற்குப் பல வீடுகளில் பாச்சை உருண்டைதான் ஒரே மருந்து. அந்த நாப்தலீன் ஆவி, ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தொட்டில் உள்ள வீட்டில் அதைத் தவிர்த்தே ஆக வேண்டும். வேப்பிலை போடுவதில் தவறில்லை; ஆனால் அதை நம்பி அழுக்கோடு மடித்து வைக்கக் கூடாது. சந்தேகம் வந்தால், உடையைக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் துணியில் ஈரம் கோத்துக்கொள்ளும். பிறகு நன்கு காய்ந்த நிலையில், நெருக்கமாக நெய்த பருத்தித் தலையணை உறையில் போட்டுக் கட்டி வைக்கலாம். ஹேங்கர் வேண்டாம், மடிப்பே சரி. மாதம் ஒருமுறை எடுத்து உதறுவது அவசியம்.

அக்குளிலும் பக்கவாட்டிலும் திரளும் சிறு பஞ்சு உருண்டைகளைக் கண்டு மலிவுச் சரக்கு என்று முடிவு கட்ட வேண்டாம். மென்மையான குட்டை இழைகள் உரசலில் வெளியே வந்து சுருள்வதால் வருபவை அவை. பிய்த்தால் உள்ளிருக்கும் இழையும் கூடவே வரும். சிறிய கத்தரியால் நறுக்கிவிடலாம்.

ஓட்டை விழுந்திருந்தால் அவிழ்ந்த கண்ணி மேலும் ஓடாதபடி அன்றைக்கே ஊக்கு மாட்டி நிறுத்த வேண்டும். தைக்க அதே நிற நூலைக் கடை கடையாகத் தேட வேண்டாம். பல ஸ்வெட்டர்களில் உட்புறத் தையல் ஓரத்தில் கொஞ்சம் நூல் மிச்சமிருக்கும்.