பகிர்ந்த எக்ஸ்டென்ஷன்

பகிர்ந்த எக்ஸ்டென்ஷன் என்பது அலுவலகத் தொலைபேசி அமைப்பில் ஒரே உள் எண்ணைப் பல கருவிகளுக்கு வழங்கும் முறை ஆகும். செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியின் வரவேற்பு மேசை, மேலாளர் அறை, காவலர் அறை மூன்றிலும் 201 ஒலிப்பதாகக் கொள்க. (100, 108, 112 ஆகியவை அவசர உதவி எண்கள், அவற்றை உள் எண்ணாக வைப்பது ஆபத்து.)

ஆஸ்டெரிஸ்க் என்னும் கட்டற்ற மென்பொருளில் இவ்வெண்ணின் ‘மேக்ஸ் கான்டாக்ட்ஸ்’ அளவை 3 ஆக்க வேண்டும். 1 என்றே விட்டால் ஒரு கருவிதான் பதிவில் நிற்கும். நள்ளிரவு அழைப்பு ஆளில்லாத மேசையில் ஒலித்து ஓயும். பதிவான எல்லாக் கருவிகளையும் அழைக்கும்படி டயல்பிளானிலும் எழுத வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

ஒரு கருவியில் ஹோல்டில் வைத்த அழைப்பை மற்றொன்றில் எடுக்க இது போதாது; ‘கால் பார்க்கிங்’ தேவை. அழைப்பு 701இல் நிறுத்தப்பட்டால், எந்தக் கருவியிலிருந்தும் 701ஐ அழைத்துப் பேசலாம். இயல்பான அமைப்பில், 45 விநாடிக்குள் எவரும் எடுக்காவிட்டால் நிறுத்தியவருக்கே அழைப்பு திரும்பும்.