கரம்பை அடிக்கலாமா? கண்மாய் மண்: சந்தேகங்களும் விளக்கங்களும்

கோடையில் கண்மாய் வறண்டதும் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் எந்த டீக்கடையிலும் கரம்பைப் பேச்சுதான். அங்கே அடிக்கடி எழும் சந்தேகங்கள் சிலவற்றுக்கு இங்கே விளக்கம்.

கரம்பையில் அப்படி என்ன இருக்கிறது?

மழை முதலில் அரிப்பது காட்டின் மேல்மண்ணைத்தான். மணல் வரத்துக்காலிலேயே தங்கிவிடும். வண்டலும் களியும் மட்கும் கண்மாய்வரை வந்து, தண்ணீர் அசையாமல் நின்ற பிறகு அடியில் படியும். நம் காட்டை விட்டுப் போன சத்துதான் அங்கே கிடக்கிறது. ஈரக் கரம்பையை ஒரு பிடி எடுத்து, கட்டைவிரலால் ஆள்காட்டி விரல்மேல் தேய்த்துத் தள்ளிப் பாருங்கள். நாடா போல நீளும். செவக்காட்டு மண் அப்படி வராது, உதிர்ந்துவிடும். அந்தக் களிதான் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. ஐப்பசியில் ஒரு மழை பெய்து, அடுத்த மழை இருபது நாள் தள்ளிப்போனால் மானாவாரிப் பயிரைக் காப்பாற்றுவது அந்த ஈரம்தான்.

எல்லா நிலத்துக்கும் ஆகுமா?

செவக்காட்டுக்கும் மணல்சாரிக்கும் நன்றாக ஆகும். கரிசலில் களி ஏற்கெனவே மிகுதி. அங்கே செலவழித்து அடிப்பதில் பெரிய பலன் இல்லை. கரம்பை அடிப்பது நம் பக்கத்து வழக்கம் மட்டும் அல்ல; தெலங்கானாவில் 2015இல் தொடங்கிய மிஷன் காகதீயா திட்டத்தில் ஏரி மண்ணை விவசாயிகளே டிராக்டரில் ஏற்றிச் சென்று தங்கள் நிலத்தில் பரப்பினார்கள்.

இலவசம்தானா? எவ்வளவு எடுக்கலாம்?

மண்ணுக்குக் காசு இல்லை; வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும் நம் பொறுப்பு. மாவட்ட அரசிதழில் அறிவிக்கப்பட்ட கண்மாய்களில் மட்டுமே எடுக்கலாம். 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். ஏக்கருக்கு நன்செய் என்றால் 75 கன மீட்டர், புன்செய் என்றால் 90 கன மீட்டர். 90 கன மீட்டரை ஒரு ஏக்கரில் சீராகப் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல் கனம், ஏறக்குறைய ஒரு விரல்கணு அளவு வரும். அது போதும். கோடையிலேயே சிறு குவியல்களாகக் கொட்டிக் காயவிட்டால், கோடை மழையில் கட்டிகள் தாமாகவே உடையும். பிறகு பரப்பி உழலாம்.

இனி உரமே வேண்டாமா?

வேண்டும். கரம்பை ஈரத்தையும் சத்தையும் தாங்கிப்பிடிக்கும். தழைச்சத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது. ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் அதை நிறுத்த வேண்டாம்.

சீமைக்கருவேலம் கூடவே வந்துவிடாதா?

வரும். விதையும் கோரைக்கிழங்கும் மண்ணோடு காட்டுக்கு வந்துசேரும். முதல் மழைக்கு முளைத்ததை இளசாக இருக்கும்போதே உழுது அழித்துவிடுங்கள். முள் வைத்தபின் படும் பாட்டை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆறு கடலில் சேரும் இடத்து வண்டலும் வண்டல்தானே?

திருச்சுழி வழியாக ஓடும் குண்டாறு மூக்கையூர் அருகே கடலில் சேர்கிறது. முகத்துவாரச் சேற்றில் உப்பு இருக்கும்; அதை மழைநீரில் பல பருவம் கழுவாமல் பயிர் வைக்க முடியாது. நெதர்லாந்தில் டெல்ஃப்சைல் அருகே அப்படிப்பட்ட சேற்றைப் பரப்பி, காயவைத்துப் பக்குவப்படுத்தினார்கள். அதுவும் பெரும்பாலும் கடல் தடுப்புக்கரை கட்டத்தான். நம் கண்மாயிலும் உவர் இருக்கலாம். மாதிரி எடுத்துப் பரிசோதித்து, மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 1 டெசிசீமனையோ, பி.எச். 8.5ஐயோ தாண்டினால் அந்த மண்ணை விட்டுவிடுங்கள். கோவிலாங்குளம் வேளாண் அறிவியல் நிலையத்தில் இது பற்றிக் கேட்கலாம்.

ஆழமாக வெட்டினால் கண்மாயில் கூடுதல் தண்ணீர் நிற்குமே?

இந்த ஒரு சந்தேகத்தில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். கரம்பைக்குக் கீழே உள்ள களிப்படுகைதான் தண்ணீரைத் தாங்கும் தளம். அதைப் பிளந்து சவுடோ மணலோ தெரியும்வரை போனால், தேங்கிய தண்ணீர் பூமிக்குள் இறங்கிவிடும். மடைக்குக் கீழே பள்ளம் விழுந்தால் அதில் நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. கரையை ஒட்டி வெட்டினால் கரை பலமிழக்கும். தனிப் பள்ளங்களில் குளிக்க இறங்கும் பிள்ளைகளுக்கு உயிராபத்து. கரம்பை என்று அனுமதி வாங்கிச் சவுடு ஏற்றுகிறவர்கள் போடுவது இந்தப் பள்ளங்களைத்தான். ஊரார் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. கரையிலிருந்து தள்ளி, பரவலாக, ஒரே ஆழத்தில் சுரண்டி எடுங்கள். மண்வெட்டியில் நிறம் மாறியதும் நிறுத்திவிடுங்கள்.