வெளிநாட்டு வேலைக்கான தன்விவரக் குறிப்பு: நீலகிரி மாவட்டம்

வெளிநாட்டு வேலைக்கான தன்விவரக் குறிப்பு என்பது, பிற நாட்டில் பணிக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் தம் கல்வி, அனுபவம், திறன் ஆகியவற்றை ஒன்றிரண்டு பக்கங்களில் தொகுத்துத் தரும் ஆவணம் ஆகும். பேச்சு வழக்கில் இது பயோடேட்டா, ரெஸ்யூமே, சி.வி. என்று அழைக்கப்படுகிறது. நேரில் பார்த்திராத ஒருவரை வேலைக்கு அழைப்பதா என்பதை முதலாளி பெரும்பாலும் இதைக் கொண்டே முடிவு செய்கிறார். பின்னர் விசா, தொழில் உரிமம் ஆகியவற்றுக்கான சரிபார்ப்பிலும் இதிலுள்ள விவரங்கள் சான்றிதழ்களோடு ஒப்பிடப்படுகின்றன. எனவே இதில் நேரும் சிறு பிழையும் வேலையை இழக்கச் செய்யலாம்.

பின்னணி

நீலகிரி மாவட்டத்தின் முதன்மைத் தொழில்கள் தேயிலையும் சுற்றுலாவும் ஆகும். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அவ்வாறு தாயகம் திரும்பியோருக்கு வேலை அளிக்க 1968-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னர் டான்டீ நிறுவனமாக மாறியது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பகுதிகளின் தோட்டக் குடும்பங்களிலிருந்து செவிலியர், உணவக ஊழியர், ஓட்டுநர், தொழில்நுட்பப் பணியாளர் எனப் பல துறைகளில் இளைஞர்கள் வெளிநாடு செல்ல விரும்புகின்றனர். தேயிலைத் தொழிலில் அனுபவம் உள்ளவர்களுக்குக் கிழக்கு ஆப்பிரிக்கத் தோட்டங்களிலும் வாய்ப்புகள் உண்டு.

பெயரும் முதலெழுத்தும்

தமிழர்களிடம் குடும்பப் பெயர் வழக்கம் பொதுவாக இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே பெயருக்கு முன் வருகிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முதலெழுத்தும், கடவுச்சீட்டில் அதன் விரிவும் இருப்பது இயல்பு. தன்விவரக் குறிப்பில் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கூட்டலும் மாறாமல் பெயரை எழுத வேண்டும். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு வருகை விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்ததும் பலர் சிக்கலுக்கு உள்ளாயினர். பெயரில் திருத்தம் தேவைப்பட்டால் விண்ணப்பிக்கும் முன்பே அதை முடித்துக்கொள்வது நல்லது. நீலகிரி மாவட்டம் கோயம்புத்தூர் மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது.

தோட்டத்துப் பதவிப் பெயர்கள்

தோட்டத்தில் எல்லோருக்கும் புரியும் பதவிப் பெயர்கள் வெளிநாட்டில் வேறு பொருள் தரக்கூடும். மேஸ்திரி என்று எழுதினால் வளைகுடாவில் கொத்தனார் என்று எண்ணுவர். டீ மேக்கர் என்பது தேயிலை ஆலையின் உற்பத்திப் பொறுப்பாளரைக் குறிக்கும். அலுவலகத்தில் தேநீர் போட்டுக் கொடுப்பவர் என்றும் அது கொள்ளப்படலாம். கண்டக்டர் பேருந்து நடத்துநராகவும், ரைட்டர் எழுத்தாளராகவும் புரிந்துகொள்ளப்படலாம். ஆகவே பதவிப் பெயரை எழுதி, அடுத்த வரியிலேயே செய்த வேலையை விளக்க வேண்டும்.

மேஸ்திரியாக இருந்தவர் எத்தனை தொழிலாளரை மேற்பார்வை செய்தார், எத்தனை ஏக்கரில் கொழுந்து பறிப்பும் கவாத்தும் நடத்தினார் என்று குறிப்பிடலாம். ஆலையில் பணியாற்றியவர் வாட்டல், அரைத்தல், நொதித்தல், உலர்த்தல், தரம் பிரித்தல் ஆகியவற்றுள் எதைக் கவனித்தார், சி.டி.சி. முறையா ஆர்த்தடாக்ஸ் முறையா, ஒரு நாளில் எவ்வளவு தூள் உற்பத்தியானது என்று எழுத வேண்டும். ஏறத்தாழ 4 முதல் 4.5 கிலோ பச்சைக் கொழுந்தில் 1 கிலோ தூள் கிடைக்கும் என்பதால், தருகின்ற எண்கள் பொருந்துகின்றனவா என்பதைத் தொழில் தெரிந்தவர் உடனே கண்டுகொள்வார்.

ஊட்டியின் தங்கும் விடுதிகளில் கோடைச் சீசனில் மட்டும் வேலை செய்தவர்கள், தொடங்கிய மாதத்தையும் முடிந்த மாதத்தையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். பருவகால வேலை என்று நேரடியாகச் சொல்லிவிட்டால் இடைவெளிகள் குறையாகத் தெரியாது.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நிழற்படம், வயது, மதம், திருமண நிலை ஆகியவற்றைச் சேர்ப்பதில்லை. பணியமர்த்தலில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்கள் அங்கு உள்ளன. பிரித்தானியாவின் சமத்துவச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. ஜெர்மனியில் நிழற்படம் கட்டாயம் இல்லை என்றாலும், அதைச் சேர்க்கும் வழக்கம் இன்னும் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் யூரோபாஸ் என்ற பொது வடிவத்தை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. வளைகுடா நாடுகளில் நிழற்படம், குடியுரிமை, விசா நிலை ஆகியவற்றை எதிர்பார்ப்பர். நம் ஊரில் வழக்கமான சாதி, தந்தையின் தொழில், இறுதியில் வரும் உறுதிமொழி ஆகியவை எங்கும் தேவையில்லை.

சான்றுகளும் உண்மையும்

குறிப்பில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு சான்று இருக்க வேண்டும். செவிலியர் போன்ற பணிகளுக்கு, சான்றிதழ் வழங்கிய கல்லூரியையும் மருத்துவமனையையும் நேரடியாகத் தொடர்பு கொண்டு சரிபார்க்கும் முறையை வளைகுடா நாடுகள் பின்பற்றுகின்றன. முகவர் சொன்னார் என்று இல்லாத அனுபவத்தைச் சேர்த்தவர் அங்கே அகப்பட்டுக்கொள்கிறார். அதன் விளைவுகளைச் சுமப்பவர் முகவர் அல்லர், விண்ணப்பித்தவரே. சிறிய தோட்டத்தில் பணியாற்றியவர்கள், வேலையை விட்டு வரும்போதே அனுபவக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

முகவர்களும் பாதுகாப்பும்

தன்விவரக் குறிப்பில் கடவுச்சீட்டு எண், ஆதார் எண், வங்கி விவரம் ஆகியவற்றைத் தேவையின்றித் தரக்கூடாது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, ஆள்சேர்ப்பு முகவர்கள் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்; அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு ரூ. 30,000 மற்றும் வரி. முகவரின் பதிவை இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் கடவுச்சீட்டில் பொதுவாகக் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். 1978-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையிலிருந்து இயங்குகிறது. விண்ணப்பதாரர்கள் அதில் நேரடியாகப் பதிவு செய்யலாம்.

2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர், மியான்மரின் மியாவாடி பகுதியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, பின்னர் மீட்கப்பட்டனர். நேர்காணல் நடத்தாமல், சான்றிதழ்களைக் கேட்காமல், சுற்றுலா விசாவில் உடனே கிளம்பச் சொல்லும் எந்த வாய்ப்பையும் ஐயத்துடன் அணுக வேண்டும். உண்மையாக வேலை தரும் நிறுவனம் தன்விவரக் குறிப்பை வரிக்கு வரி படித்துக் கேள்வி கேட்கும்.