முதல் ஆண்டில் எந்த வேதியியல்?

தார்நாகா நாற்சந்தியிலிருந்து ஒரு புறம் போனால் லாலாகூடா ரயில்வே பணிமனை. மறு புறம் உப்பல் சாலையில் இந்திய இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம். பழைய ஆட்கள் இன்றும் அதை ஆர்.ஆர்.எல். என்றே சொல்வார்கள். 1944-ல் ஹைதராபாத் சமஸ்தானத்தின் மத்திய ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1956-ல் சி.எஸ்.ஐ.ஆர். வசம் வந்து, 1989-ல் இப்போதைய பெயரைப் பெற்றது. இன்னொரு புறம் 1918-ல் நிறுவப்பட்ட உஸ்மானியாப் பல்கலைக்கழகம். வேதியியல் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான பேட்டை ஏது?

ஆனால் நம் தமிழ்க் குடும்பங்களில் கல்லூரிப் பேச்சு வந்தால் முதல் கேள்வி, "சார், எதை எடுத்தால் சுலபம்?" என்பதுதான். நம் பகுதி அன்பர் ஒருவர் பி.எஸ்ஸி. சேரவிருக்கும் மகளுக்காக இப்படிக் கேட்டார். இன்னொருவர், அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்த பேரனுக்காகக் கேட்டார். இந்தப் பாடம் அடுத்து எங்கே கொண்டு போய் விடும் என்று கேட்பதே சரி என்று இருவரிடமும் சொன்னேன்.

முதலில் உள்ளூர்ச் சமாசாரம். தெலங்கானாவில் 2016 முதல் பட்டப் படிப்புச் சேர்க்கை 'தோஸ்த்' என்னும் கணினி வழி ஏற்பாட்டில் நடக்கிறது. கல்லூரியையும் பாடச் சேர்க்கையையும் வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். கணிதம், இயற்பியல், வேதியியல் என்பது ஒன்று. கணிதம், புள்ளியியல், கணினி அறிவியல் என்பது மற்றொன்று. பின்னதை எடுப்பவர்கள் நன்றாகவே படிக்கிறார்கள், வேலைக்கும் போகிறார்கள். ஆனால் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கலாமே என்று பிறகு ஆசை வந்தால், பட்டப் படிப்பில் வேதியியல் படித்தாயா என்று கேட்பார்கள். பதினேழு வயதில் ஒரு பொத்தானைத் தட்டியதில் அடைபட்ட வழி அது. அந்த அன்பரின் மகளுக்கு மருந்துத் தயாரிப்பில் நாட்டம் உண்டு. அதனால் முதல் சேர்க்கையையே எழுதச் சொன்னேன். பொறியியல் சேர்பவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. வகுப்பில் வருகிற வேதியியலைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

எம்.ஐ.டி.யில் முறை வேறு. கணிப்பொறியானாலும் பொருளாதாரமானாலும் ஒரு வேதியியல் பாடம் கட்டாயம். எந்த வேதியியல் என்பது மாணவன் விருப்பம். வேதியியல் துறையின் 5.111 மூலக்கூறு, அமிலம், காரம், வினையின் வேகம் என்று போகும். பொருளறிவியல் துறையின் 3.091 திடப்பொருள்களைப் பற்றியது. படிகம், அதிலுள்ள குறைகள், உலோகக் கலவை, கண்ணாடி, பாலிமர் என்று விரியும். எதை எடுத்தாலும் கட்டாய விதி நிறைவேறிவிடும்.

இந்த இரண்டு வேதியியலும் நம் தார்நாகாவிலேயே இருக்கின்றன. ரயில் பாதை ஓரம் தண்டவாளம் பற்றவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சுற்றிலும் அச்சு கட்டுவார்கள். மேலே மூசையில் இரும்பு ஆக்சைடும் அலுமினியத் தூளும். பற்றவைத்தால் அலுமினியம் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். இரும்பு உருகிக் கீழே இறங்கும், கசடு மேலே மிதக்கும். எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும்! ஜெர்மானியர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895-ல் காப்புரிமை பெற்ற முறை இது. உருகிய எஃகில் பத்து லட்சத்தில் இரண்டு மூன்று பங்கு ஹைட்ரஜன் தங்கிவிட்டாலே பிற்பாடு தண்டவாளத்தின் உள்ளே விரிசல் விழக்கூடும். டிப்ளமாவில் வேதியியலுக்கு நான் கொடுத்த மதிப்பு, தண்டவாளத்தின் மேல் நின்றபோது பல மடங்கு கூடியது. இது 3.091 வகை.

உப்பல் சாலைப் பக்கத்தில் நடப்பது மற்ற வகை. எச்.ஐ.வி.க்கு முதன்முதலாக 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து ஏ.இசட்.டி. டாக்டர் ஏ.வி. ராமாராவ் இயக்குநராக இருந்தபோது அதற்கான செய்முறையை இங்கே உருவாக்கினார்கள். அதைக் கொண்டு சிப்லா நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் நம் நாட்டிலேயே தயாரித்தது. மூலக்கூறை எந்த வரிசையில் கட்டுவது என்ற கணக்கு அது.

பேரனுக்கு இயந்திரப் பொறியியலில் விருப்பம் என்றார்கள். 3.091 அவனுக்குப் பொருந்தும் என்றேன். முடிவு அவனுடையது. எம்.ஐ.டி. இந்த இரு பாடங்களின் விரிவுரைகளையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 3.091-ல் டொனால்ட் சடோவேயும் 5.111-ல் கேத்தரின் டிரென்னனும் நடத்திய வகுப்புகள் அவற்றில் உண்டு. இங்கே படிக்கும் பிள்ளைகளும் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வகுப்புகள் கேட்டுப் பார்க்கலாம். டியூஷன் செலவு இல்லை.

பெற்றோருக்கு இன்னொன்று. கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் கான்டீனையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஒரு பியூரெட்டுக்கு எத்தனை மாணவர்கள், புகையை வெளியே இழுக்கும் விசிறி ஓடுகிறதா என்று கேளுங்கள். சாவியைத் தேடவே அரை மணி நேரம் ஆனால், அந்தக் கல்லூரியைப் பட்டியலில் நான்கு இடம் கீழே தள்ளுங்கள்.