உவர் நிலத்தில் புழக்கடைத் தோட்டம்

வீட்டின் பின்புறம் அரை சென்ட் இடம் இருந்தால், ஒரு குடும்பத்துக்கு வேண்டிய கீரை, காய்கறிகளில் ஒரு பகுதியை அங்கேயே எடுத்துவிடலாம். மற்ற ஊர்களில் மண்ணைக் கொத்தி, தொழு உரம் இட்டு, பாத்தி கட்டினால் வேலை முடிந்தது. ஆனால் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளிலும், அவற்றுக்கு வடக்கே காட்டுப்பள்ளி, மீஞ்சூர் பக்கமும் உள்ளவர்கள் இம்முறையை அப்படியே பின்பற்றக் கூடாது. இங்கு இருக்கும் மண்ணில் பயிரிடுவதை விட, அதன் மேல் புதிதாக ஒரு பாத்தியைக் கட்டி அதில் பயிரிடுவதே நலம்.

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது உப்பு. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல் நீர் உள்ளே புகுந்தது 1960-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. கடலோரத் தெருக்களில் கைப்பம்பு நீரை வாயில் விட்டாலே உப்பு தெரியும். இரண்டாவது ஆலைக் கழிவு. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல், குழாய்க் கசிவால் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்துள்ளது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததையும் மறப்பதற்கில்லை. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் மண்ணில் இருந்தால் பயிர் வாடாது, பச்சையாகவே வளரும். அவை காயில் சேர்வதை விட இலையில் அதிகம் சேரும். வீட்டில் குழந்தைகளுக்குப் பிசைந்து ஊட்டுவது கீரைதான் என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

முதலில் மண்ணையும் நீரையும் பரிசோதிக்கக் கொடுங்கள். திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி ஆலோசனை பெறலாம். மண்ணின் மின் கடத்தும் திறன் 1 டெசிசைமனுக்குக் குறைவாக இருந்தால் உப்பைப் பற்றிப் பயமில்லை. பாசன நீரில் அது 3-க்கு மேல் போனால் காய்கறிக்கு உதவாது. சாதாரண மண் பரிசோதனையில் உலோக நச்சு தெரியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சிலர் உவர் மண் என்றதும் ஜிப்சம் வாங்கிப் போடுகிறார்கள். ஜிப்சம் களர் நிலத்துக்கான மருந்து. உவரை நல்ல நீரால் கழுவி வடிப்பது தவிர வேறு வழியில்லை.

பாத்தியை 12 அடி நீளம், 3 அடி அகலம், 1 அடி உயரமாக அமைக்கலாம். 3 அடிக்கு மேல் அகலம் வேண்டாம். இரு பக்கமும் நின்றபடி கை எட்ட வேண்டும். அடியில் 3 அங்குலத்துக்கு உடைந்த செங்கல், ஓடு பரப்புங்கள். கீழேயுள்ள உப்பு நீர் ஈரத்தோடு மேலேறுவதை இது தடுக்கும். எண்ணெய் படிந்த இடமானால் செங்கல்லுக்குக் கீழே கனமான பாலிதீன் தாளும் விரித்து, நீர் வடியச் சற்றே சாய்வு கொடுக்க வேண்டும். சுற்றிலும் செங்கல் அடுக்கினால் போதும். ஆஸ்பெஸ்டாஸ் துண்டும், பழைய பெயின்ட் பலகையும் ஆகாது. இப்பகுதிப் பழைய இரும்புக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ரசாயனப் பீப்பாய்களை அறுத்துத் தொட்டியாக்குவது பலருக்குப் பழக்கம். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத பீப்பாயில் கீரை வளர்ப்பது விஷப் பரீட்சை.

இந்த அளவுப் பாத்திக்கு 36 கன அடி கலவை வேண்டும். செம்மண் 18, மக்கிய தொழு உரம் 9, மக்கிய தென்னை நார்க்கழிவு 9 கன அடி என்பது சரியான அளவு. பச்சை நார்க்கழிவிலும் உப்பு உண்டு. இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிய பிறகே மக்க வைக்க வேண்டும். கடற்கரை மணலும் கழிமுக வண்டலும் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். அடுப்புச் சாம்பல் வேறு, அனல் மின் நிலையச் சாம்பல் வேறு.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்வது மரபு. இந்தக் கடலோரத்துக்கு நான் சிபாரிசு செய்வது மார்கழிக் கடைசி. சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்து, மண்ணிலுள்ள உப்பைக் கழுவிவிடுகிறது. விதை முளைக்கும் பருவத்தில்தான் பயிர் உப்புக்கு மிகவும் அஞ்சும். நாற்றங்காலுக்கு மட்டுமாவது கூரையில் பிடித்த மழை நீரையோ குடிநீர்க் குழாய் நீரையோ ஊற்றுங்கள்.

பாலக் கீரை, பீட்ரூட், கொத்தவரை ஆகியவை உப்பைத் தாங்கும். கத்தரியும் தக்காளியும் ஓரளவு சமாளிக்கும். வெங்காயம், கேரட், பீன்ஸ் இங்கு வீண் செலவு. பாகல், பீர்க்குக்கான பந்தலை வடக்கு ஓரத்தில் போட்டால் பாத்தியில் நிழல் விழாது. கிழக்கே கடற்காற்றை மறைக்கக் கீற்றுத் தட்டி கட்டலாம். நீரை இலைமேல் தெளிக்காமல் வேரடியில் ஊற்றி, காய்ந்த சருகால் மூடாக்கு இடுங்கள்.

கிளிஞ்சல் கலந்த மண்ணில் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் மாறினால் அது இரும்புச் சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் தெளிக்கவும். காசிமேட்டில் கிடைக்கும் பச்சை மீன் கழிவைச் சம எடை வெல்லத்தோடு ஊறவைத்து, நீரில் நன்றாகக் கரைத்து ஊற்றலாம். கருவாட்டுக் கழிவை மட்டும் பாத்திப் பக்கம் கொண்டுவர வேண்டாம்.