மலைமேல் தெரிந்த நிழல்

2015 அக்டோபர் 23. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வடமேற்கே, அலிசோ கேன்யன் எரிவாயுக் கிடங்கின் கிணறு ஒன்றில் கசிவு தெரியவந்தது. மலையடிவாரத்து போர்ட்டர் ராஞ்ச் மக்களுக்கு நாற்றம், தலைவலி, மூக்கில் ரத்தம். அண்ணாந்து பார்த்தால் மலை மட்டும்தான். டிசம்பரில் அகச்சிவப்புக் கேமரா வீடியோ ஒன்று வெளியானபோதுதான், அந்த மலையிலிருந்து கரும்புகை போல ஏதோ பொங்கி வழிவதை உலகம் பார்த்தது.

அது புகையல்ல, ஒரு வகையில் நிழல். மலை, வானம், குழாய் எல்லாமே வெப்பக் கதிரை உமிழ்கின்றன. அதில் 3.3 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய கதிரை மீத்தேன் விழுங்கிவிடும். அந்தப் பட்டையை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி கேமராவில் உண்டு. பின்னணியைவிடக் குளிர்ந்த வாயு குறுக்கே வரும் இடம் திரையில் இருட்டுகிறது. இவ்வளவு மெல்லிய வேறுபாட்டைப் பிடிக்க வேண்டுமானால் கேமராவின் சொந்தச் சூடு குறுக்கிடக் கூடாது. அதனால் உள்ளிருக்கும் உணரியை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்விக்கிறார்கள். சுவிட்சைப் போட்டதும் படம் வராது. குளிரும்வரை சில நிமிடம் காத்திருக்க வேண்டும்.

வாயுவும் பின்னணியும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் திரையில் ஒன்றும் தெரியாது. நீராவியும் கசிவு போலவே தெரியும். எனவே எங்கே நின்று, எதைப் பின்னணியாக வைத்துப் பார்ப்பது என்ற கைப்பழக்கம்தான் பாதி வேலை. ஹைட்ரஜனோ அகச்சிவப்பை விழுங்குவதே இல்லை. அதற்கு, கசியும் துளையின் மீயொலிச் சீறலைப் பல மைக்குகளால் கேட்டுத் திரையில் புள்ளியாகக் காட்டும் ஒலிக் கேமரா உதவும். நம் வீட்டில் ரெகுலேட்டர் மேல் சோப்பு நுரை தடவிக் குமிழி பார்க்கிறோமே, அதுவும் ஒரு காட்சி முறைதான்; எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே.

வீடியோ கசிவைக் காட்டியது, அளவைச் சொல்லவில்லை. அதற்கு, அளவுக்கருவியோடு சிறு விமானம் ஒன்று வாயுத்திரளைக் குறுக்கே வெட்டிப் பறந்தது: மொத்தம் சுமார் 97,000 டன் மீத்தேன். நாசாவின் இஓ-1 செயற்கைக்கோளில் இருந்த ஹைபீரியன் கருவியும் வாயுத்திரளைப் பதிவு செய்தது. தனியொரு நிலையத்தின் மீத்தேன் கசிவு விண்வெளியிலிருந்து தெரிந்தது அதுவே முதல் முறை.

2016 பிப்ரவரியில் கிணறு அடைக்கப்பட்டது. உடைப்பு எங்கே என்பது 2019 விசாரணை அறிக்கையில் விளக்கப்பட்டது: நிலத்துக்கு 892 அடி கீழே, வெளிப்புறம் அரித்துப்போன எஃகுக் குழாயில்.