ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது டயர்: பின்சீற்றில் பிள்ளையும் இருந்தால்?

டோர்செட் பார்க் பக்கம் எங்கட வயதுக்காரர் சிலரின் வீட்டு வாசலில் அப்படி ஒரு கார் நிற்கும். கலியாணத்துக்கு முந்தி ஆசைப்பட்டு வாங்கினது. இரண்டு கதவு, பதிந்த உடம்பு, பெரிய ரிம். இப்ப அதே காரின் பின்சீற்றில் பிள்ளையின் கார் சீற் பூட்டியிருக்கும். வாரநாளில் 401இல் வேலைக்கு, சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு, ஞாயிறு மார்க்கத்தில் ஆரோ ஒருவரின் பிறந்தநாளுக்கு. காரை விற்க மனம் வராது. அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் காரோடு வந்த டயர் தேய்ந்து மாற்ற வேண்டிய நாள் வரும்போது, முந்தி போட்ட அதே டயரா, வேறயா என்று யோசிக்கத்தான் வேண்டும்.

கடையில் கேட்டாலும் ஒன்லைனில் தேடினாலும் "எது பெஸ்ட்?" என்ற கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும். கார் ரோட்டைத் தொடுகிற இடம் டயருக்கு ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவுதான். பிரேக், ஸ்ரியரிங், ஏபிஎஸ் எல்லாம் அந்த நாலு உள்ளங்கையை நம்பித்தான் வேலை செய்கின்றன. ஆகவே நாங்கள் கேட்க வேண்டியது வேறு: எந்த மாதத்தில், எந்த ரோட்டில், ஆரை ஏத்திக்கொண்டு ஓடப் போகிறோம்?

நல்ல டயரும் தோற்கும் இடம்

இதை விளங்கிக்கொள்ள எங்கட ஆள் ஒருவரின் கதையே இருக்கிறது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபோர்முலா 1 ஓடினார். இந்தியாவிலிருந்து அந்தப் பந்தயத்துக்குப் போன முதல் ஆள். அந்த வருஷம் ஜூன் 19ஆம் திகதி இண்டியனாபொலிஸில் நடந்த அமெரிக்கன் கிராண்ட் பிரீயில் அவர் நாலாவதாக வந்து 5 புள்ளி எடுத்தார்.

ஆனால் அன்றைக்குப் பந்தயத்தில் ஓடின கார்கள் ஆறுதான். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், சரிவான கடைசி வளைவில் மிஷெலின் டயர் பூட்டிய கார் ஒன்று விபத்துக்குள்ளானது. அந்த வளைவில் வேகத்தைக் குறைக்க வழி செய்யாவிட்டால் தங்கள் டயருக்கு உத்தரவாதம் இல்லை என்று மிஷெலினே சொல்லிவிட்டது. உடன்பாடு வரவில்லை. மிஷெலின் போட்ட 14 கார்களும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறும் மட்டும் ஓடின.

கவனிக்க வேண்டியது இதுதான். அந்த வருஷம் நடந்த 19 பந்தயங்களில் மற்ற 18ஐயும் வென்றது மிஷெலின் பூட்டிய கார்கள். அதாவது அது கூடாத டயர் இல்லை, அந்த வருஷத்தின் மிகச் சிறந்த டயர். ஒரே ஒரு வளைவுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு அந்த வளைவு ரொறன்ரோ நவம்பர்.

7 பாகை

ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் கொம்பனி பூட்டித் தருவது சமர் டயர். அதன் இறப்பர்க் கலவை வெயிலில் ரோட்டை ஒட்டிப் பிடிக்கவென்று செய்தது. மழைக்கும் மிக நல்லது. ஆனால் ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே போனால் அந்த இறப்பர் இறுகத் தொடங்கும். பனி கொட்ட வேண்டும் என்றில்லை. வெயில் எறிக்கிற, காய்ந்த, 2 பாகைக் காலையிலும் பிடி குறைந்துதான் இருக்கும். உறைநிலைக்கு நன்றாகக் கீழே போனால் ட்ரெட்டில் வெடிப்பே வரலாம். அந்தக் குளிரில் காரை அசைக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். அப்படி வெடித்தால் வாரன்டி பொதுவாக அதை ஏற்காது.

மூன்று வழி

முதலாவது, சமர் டயர் ஒரு செற், வின்டர் டயர் ஒரு செற். காரை வருஷம் முழுக்கப் பிள்ளைகளோடு ஓடுகிறவர்களுக்கு இதுதான் என் பரிந்துரை. சமருக்கு மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், கொன்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கொன்டாக்ட் ஸ்போர்ட் 02, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்ஸா ஸ்போர்ட் போன்றவை இருக்கின்றன. இந்த வரிசையில் எதை எடுத்தாலும் நாளாந்த ஓட்டத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வின்டர் டயருக்கு, பக்கத்தில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் போட்ட குறி இருக்க வேண்டும்.

இரண்டாவது, அல்ட்ரா ஹை பெர்ஃபோமன்ஸ் ஓல் சீசன். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் ஓல் சீசன் 4, கொன்டினென்டல் டிடபிள்யூஎஸ் 06 பிளஸ் இந்த வகை. குளிர்ந்த காய்ந்த ரோட்டிலும் மழையிலும் நன்றாக ஓடும், மெல்லிய பனியைச் சமாளிக்கும். வீட்டில் வேறொரு வாகனம் இருந்து, பனி நாளில் இந்தக் காரை நிறுத்திவைக்க முடியும் என்றால் இது நியாயமான தெரிவு. இருக்கிற ஒரே கார் இதுதான் என்றால் வேண்டாம். கொன்டினென்டலில் ஒரு வசதி: ட்ரெட்டில் டி, டபிள்யூ, எஸ் என்று ஆங்கில எழுத்துக்கள் செதுக்கியிருக்கும். எஸ் அழிந்தால் பனிக்கு உதவாது, டபிள்யூ அழிந்தால் மழைக்கும் உதவாது.

மூன்றாவது, பொடென்ஸா ஆர்ஈ-71ஆர்எஸ் மாதிரியான, ட்ராக்குக்கென்று செய்த டயர். போமன்வில் பக்கம் 1961இல் திறந்த மொஸ்போர்ட் ட்ராக்கில் ஓடுகிற ஆசை இருந்தால் அதற்குத் தனி ரிம்மில் வைத்திருங்கோ. டேகேர் வாசலுக்கு அது தேவையில்லை.

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பது

டொயோட்டா ஜிஆர்86ஐ எடுப்போம். உயர் மொடலில் வருவது 215/40ஆர்18 85வை. 215 என்பது மில்லிமீற்றரில் அகலம். 40 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 40 வீதம், அதாவது 86 மில்லிமீற்றர். 18 ரிம்மின் அங்குலம். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், நாலும் சேர்ந்து 2,060 கிலோ. வை என்றால் மணிக்கு 300 கிலோமீற்றர் வரை தாங்கும் என்று அர்த்தம். அது டயரின் தாங்குதிறன், எங்களுக்கான அனுமதி இல்லை. ஒன்ராறியோவில் 80க்குக் குறைந்த எல்லையுள்ள ரோட்டில் 40 கிலோமீற்றர் கூட ஓடினாலே 2021 ஜூலையிலிருந்து ஸ்ரன்ட் டிரைவிங். கார் 14 நாள், லைசன்ஸ் 30 நாள் போய்விடும்.

இந்த எண்களால் வின்டருக்கு ஒரு இலாபமும் உண்டு. அதே காரின் அடிப்படை மொடலில் வருவது 215/45ஆர்17. மொத்த விட்டத்தில் வித்தியாசம் 4 மில்லிமீற்றர் மட்டும், ஆகவே வேகமானி பிழைக்காது. ஆனால் பக்கச் சுவர் 97 மில்லிமீற்றர் ஆகிவிடும். பெப்ரவரி, மார்ச்சில் கெனடி ரோட்டிலும் எல்ஸ்மியரிலும் வாய் பிளக்கிற குழிகளுக்கு அந்த 11 மில்லிமீற்றர் இறப்பர் மெத்தை மாதிரி. 17 அங்குல டயர் பெரும்பாலும் விலையும் குறைவு. உங்கட காருக்கு எந்தச் சிறிய ரிம் பொருந்தும் என்பது பிரேக்கின் அளவைப் பொறுத்தது, கடையில் கேட்டு உறுதிப்படுத்துங்கோ.

டிரெட்வெயர் என்றும் ஒரு எண் இருக்கும். பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300, அதன் ஓல் சீசன் தம்பி 540, ஆர்ஈ-71ஆர்எஸ் 200. எண் கூடினால் பொதுவாகக் கூட நாள் உழைக்கும். ஆனால் அதைக் கணித்துப் போடுவது அந்தந்தக் கொம்பனியே. ஒரே கொம்பனியின் டயர்களை ஒப்பிட உதவும், இரண்டு கொம்பனிகளை ஒப்பிட அவ்வளவாக உதவாது.

அப்பாவின் கணக்கு

"தம்பி, ஓல் சீசன் ஒரு செற் காணும். நான் இருபது வருஷமா அப்பிடித்தான் ஓடினனான்." இந்தக் கதை எங்கட வீடுகளில் கேளாத வின்டர் இல்லை. அவர்கள் சொல்வது பொய்யில்லை. இரண்டு வேலை செய்து வீட்டுக் கடன் கட்டின காலத்தில் இரண்டு செற் டயர் என்பது ஆடம்பரம். ஆனால் அவர்கள் ஓடினது ஒடுங்கிய டயரும் உயர்ந்த பக்கச் சுவரும் உள்ள முன்சில் இழுவைக் கொரொல்லா. அகலமான, தட்டையான டயரில், பின்சில் தள்ளுகிற கார் பனியில் வேறு மிருகம்.

காசுக் கணக்கும் நினைப்பதுபோல இல்லை. ஒரு செற் ஓடும்போது மற்றது தேயாது. இரண்டாவது செற்றின் பெரும் பகுதிச் செலவு இப்படியே திரும்பிவிடும். அதோடு, வின்டர் டயர் போட்டால் ஒன்ராறியோ இன்சூரன்ஸ் கொம்பனிகள் கட்டாயம் கழிவு தர வேண்டும் என்பது 2016 ஜனவரி 1இலிருந்து விதி. கேட்டால்தான் போடுவார்கள், ஆகவே கேளுங்கோ. கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் சட்டமே. இங்கே சட்டம் இல்லை, பனி மட்டும் ஒன்றுதான்.

டவுன்ஹவுஸிலும் அபார்ட்மென்டிலும் இருப்பவர்களுக்கு இடம்தான் பிரச்சினை. மாற்றித் தருகிற கடைகள் பல, மற்ற செற்றைக் கட்டணத்துக்கு வைத்துத் தரும். டயரைத் தனி ரிம்மில் பூட்டி வைத்தால் ஒவ்வொரு முறையும் கழற்றிப் பூட்டுகிற கூலி மிச்சம்.

வாங்குகிற நாளில்

பக்கச் சுவரில் டொட் என்ற குறியின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கோ. 3524 என்றால் 2024இன் 35ஆவது வாரம் செய்தது. மலிவு விற்பனையில் பல வருஷம் கிடந்த டயரைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

நாலையும் ஒன்றாக மாற்றுங்கோ. முடியவே இல்லை என்றால் புது இரண்டும் பின்னுக்குப் போக வேண்டும், முன்சில் இழுக்கிற காராக இருந்தாலும். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் பிடித்து நிறுத்துவது மிகக் கஷ்டம். நாலு சில்லும் இழுக்கிற கார் என்றால் பாதி தேய்ந்ததையும் புதியதையும் கலந்தால் கியர் பகுதிக்கே கேடு.

காற்று, கதவோரம் ஒட்டியிருக்கிற அளவுக்கு. குளிர் 5 அல்லது 6 பாகை இறங்க ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும், ஆகவே மாதம் ஒருக்கால் பாருங்கோ. மாற்றின பிறகு நூறு கிலோமீற்றருக்குள் நட்டுகளைத் திரும்ப இறுக்குவியுங்கோ. புது டயர் முதல் சில நூறு கிலோமீற்றர் முழுப் பிடி தராது, மெதுவாக ஓடுங்கோ.

கடைசியாக ஒரு அளவு. ட்ரெட்டுக்குள் குறுக்கே இருக்கிற தேய்மானக் கட்டை 1.6 மில்லிமீற்றரில் இருக்கும். அது சட்டத்துக்கான எல்லை. பனிக்கு 4 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் பாவிக்க வேண்டாம் என்கிறது கனடாப் போக்குவரத்து அமைச்சு. ஆழம் பார்க்கிற அளவுகோல் சில டொலர்தான். முதல் பனி விழுந்த அடுத்த நாள் எல்லாக் கடையிலும் வரிசை நிற்கும். ஒக்டோபரிலேயே அளந்து பார்த்து நேரம் எடுத்துவிட்டால், அந்த வரிசையில் பிள்ளையோடு நிற்கத் தேவையில்லை.